மீராவுக்கு ஏன் எரியவில்லை, அக்கா?

என் கலா அக்காவுக்கு, பாதிப் பாசமும் பாதி வயித்தெரிச்சலுமாக உன் தங்கச்சி எழுதுவது.

முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். அதைக் கேட்காமல் மேலே எழுத எனக்கு ஓடாது. அந்த மீராவை நீயா அனுப்பினாய்?

மாமா அப்படித்தான் நம்பினார். உன் புருஷன்தான், வேறு எந்த மாமா? சர்வேயர் வேலையில் இருந்த காலம் பூரா, எல்லைக்கல்லைத் தோண்டிக் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூடக் கையெழுத்துப் போடாத மனுஷன். அவர் போய் முகம் தெரியாத ஒருத்தியை நம்பினார் என்றால் அதற்குக் காரணம் நீ. சும்மா பழி போடவில்லை, கேள்.

யாழினி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும் முன்னால் உனக்குப் படையல் போட்டோம். நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? பூவும் பொட்டுமாகப் போன பொம்பளை அந்த வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்று அவளை அழைத்து, புதுப் புடவை வைத்து, பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைத்து, உத்தரவு கேட்டுவிட்டுத்தான் நல்ல காரியத்தைத் தொடங்குவோம். நம்ம பெரிய அத்தைக்கு நீ முன்னால் நின்று படைத்திருக்கிறாய். உனக்கே படைக்கும் நாள் வரும் என்று யார் கண்டது?

கடலூர் வீட்டு ஹாலில் உன் போட்டோவுக்கு முன்னால் அரக்குச் சேலையை மடித்து வைத்து மல்லிச்சரம் சுற்றியது நான். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து பால் கொழுக்கட்டை செய்து, வடை தட்டியதும் நான். மாமா கற்பூரத்தைக் காட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். "கலா, பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டா நான் ஒத்தை ஆளு. எனக்கு ஒரு வழியைக் காட்டு." நான் அடுப்படி வாசலில் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் அவர் செல்லுக்கு ஒரு மெசேஜ் வந்தது, தெரியாத நம்பரிலிருந்து. "அக்கா, நான் கேட்ட பட்டுப் புடவை கடைக்கு வந்துடுச்சா?" ராங் நம்பர் என்று மாமா பதில் போட்டார். அய்யோ மன்னிச்சிக்குங்க சார், தொந்தரவு பண்ணிட்டேன், உங்களுக்கு எந்த ஊர் என்று அவள் கேட்டாள். வேறு நாளாக இருந்தால் மாமா செல்லை ஓரமாக வைத்துவிட்டுப் போயிருப்பார். படையல் போட்ட அன்றைக்கே, உன் முன்னால் வைத்த சேலை இன்னும் எடுக்காமல் இருக்கும்போதே, புடவையைக் கேட்டு ஒரு பொம்பளை! உத்தரவு கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

இப்படி ராங் நம்பர் மாதிரி வந்து ஒட்டிக்கொள்வது அந்தக் கும்பலின் வேலையாம். அதே புடவையை எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார்கள் என்று பிற்பாடு சைபர் கிரைம் போலீசில் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது ராங் நம்பர். நம்ம வீட்டில் அது சாமி வாக்கு ஆகிவிட்டது.

சரி, நீயே அனுப்பினாய் என்று வைத்துக்கொள்வோம். ஏன்க்கா, அனுப்புறதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலியா? வேர்த்து ஊத்த வடை தட்டிக்கிட்டு இருந்தவ உன் கண்ணுல படவே இல்லியா?

சொல்லிவிட்டேன். கையெழுத்து கோணுகிறது, கோணட்டும். ஆமாம், எனக்கு மாமா மேல் ஆசை. நீ இருந்தபோது இல்லை, உன் மேல் சத்தியமாக இல்லை. நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்க் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேனே, அதில் எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்தது. உன் கருமாதி அன்றே சேத்தியாத்தோப்பு சித்தி ஆரம்பித்தாள். "தங்கச்சிக்காரி கல்யாணம் ஆகாம ரத்த டெஸ்ட் லேப்பே கதின்னு கெடக்கா, அவளையே கட்டி வெச்சிட்டா என்னா?" நான் எரிந்து விழுந்தேன். "நான் என்னா மாத்துத் துணியா?" என்று கேட்டேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை ஒருத்தரும் எடுக்கவில்லை, நானும்தான்.

யாழினி கல்யாணம் முடிந்து பெங்களூர் போனாள். வீட்டில் மாமாவும் உன் போட்டோவும்தான். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. முடிக்குச் சாயம். காலர் வைத்த டி-ஷர்ட். சாயம் அடிங்க, அடிங்க என்று நீ எத்தனை வருஷம் கெஞ்சினாய்? குழம்பு எப்படி மாமா என்றால் "ம்" என்பார். செல் டிங் என்றால் முகம் பூரா பல்லாகிவிடும். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு.

ஒருநாள் அவரே போட்டோ காட்டினார். "இவுங்கதான் மீரா. பூர்வீகம் மேல்பட்டாம்பாக்கமாம். சின்ன வயசிலேயே சிங்கப்பூர் போயிட்டாங்க. வீட்டுக்காரர் இல்ல, பாவம். தங்கத்துல ட்ரேடிங் பண்றாங்க." அவுங்க, இவுங்க, பண்றாங்க! எனக்கு இத்தனை வருஷமாக வாடி போடிதான். நீச்சல் குளத்து ஓரமாக நிற்கிறாள் மகராசி. ஊர் பூரா கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிறவள் நான், அப்படி ஒரு தோலை மனுஷ உடம்பில் பார்த்ததில்லை. அன்றைக்குக் குழம்பில் காரம் ஜாஸ்தி ஆனது தெரியாமல் ஆனதில்லை.

பொறாமை பிடித்தவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது அக்கா. கடலூர் என்று இவர் சொன்ன மறுநாள்தான் அவளுக்கும் பூர்வீகம் இந்தப் பக்கம் ஆகியிருக்கிறது. எந்தத் தெரு என்று கேளுங்கள் என்றேன். ஞாபகம் இல்லையாம். வீடியோவில் வரச் சொல்லுங்கள் என்றேன். ஒரே ஒரு தடவை வந்தாளாம், கண் சிமிட்டும் நேரம், முகம் மங்கலாகத் தெரிந்து கட்டாகிவிட்டதாம். காலையில் வரும் மெசேஜில் ஒரு தமிழ், மத்தியானம் வேறொரு தமிழ். ஒரே பொம்பளைக்கு எப்படி ரெண்டு வாய்?

அப்புறம் தங்கத்தில் பணம் போட ஒரு ஆப். அவள் அனுப்பிய லிங்கில் இறக்கியது. முதலில் கொஞ்சம் போடச் சொன்னாள். லாபம் ஏறியதாகக் காட்டியது, அதில் கொஞ்சம் எடுக்கவும் விட்டார்கள். கையில் காசு வந்ததும் மாமா நம்பிவிட்டார். அந்தக் காசில் எனக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தார். அவள் தயவில் வந்த குக்கரில் எனக்குச் சோறு வேகுமா? அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதற்கப்புறம் போட்டதெல்லாம் பெரிய பெரிய தொகை, ரிட்டயர்மென்ட் பணம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பேரிலிருக்கும் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். சிங்கப்பூர் கம்பெனிக்கு எதற்கு ஊர் ஊராக யார் யாரோ பேரில் கணக்கு?

"மாமா, இது ஏமாத்து வேலை" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "உனக்குப் பொறாமை செல்வி" என்றார்.

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. கையைக்கூடக் கழுவாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆலப்பாக்கம் வரைக்கும் அழுகை, அதற்கப்புறம் கோபம். பொறாமைதான், யார் இல்லை என்றது? பொறாமை பிடித்தவள் சொன்னால் நிஜம் பொய்யாகிவிடுமா? யாழினிக்குப் போன் போட்டேன். "அப்பா இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறாரு, விடுங்களேன் சித்தி" என்றாள். அந்த 'சித்தி'யில் ஒரு இழுப்பு இருந்தது. அவளும் என்னைப் புரிந்துகொண்டாள், தப்பான நேரத்தில்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரெண்டு ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறு போனால் மேஜை மேல் வீட்டுப் பத்திரம்.

உன் வீட்டுப் பத்திரம், அக்கா. புயலில் ஓடெல்லாம் பறந்த பிறகு, ஸ்கூல் சம்பளத்தை மாசா மாசம் கொட்டி நீ தளம் போட்டாயே, அந்த வீடு. ஆப்பில் பணம் மலை மாதிரி நிற்கிறதாம், எடுக்க முடியவில்லையாம். முதலில் வரி கட்டினால்தான் விடுவார்களாம். கையில் இருந்ததெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் ஒரு பைனான்ஸ்காரனிடம் வீட்டை அடகு வைத்து வரியைக் கட்டப் போகிறார். மறுநாள் திங்கட்கிழமை கையெழுத்து. என் சொந்தப் பணத்தை எடுக்க நான் எதற்குப் புதுப் பணம் கட்டணும் என்று ஒரு கேள்வி அவருக்குத் தோன்றவில்லை.

கத்தினால் மறுபடியும் பொறாமை என்பார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ என்னா பேசறா, படிச்சுக் காட்டுங்க" என்றேன். சந்தோஷமாகவே படித்தார். பெரும்பாலும் உன் புகழ்தான். உங்க மனைவி தெய்வம், அவுங்க படத்துக்குப் பூ வெச்சீங்களா, அவுங்க எடத்துக்கு நான் ஆசைப்பட மாட்டேன். இப்படியே பக்கம் பக்கமாக.

"என்னைப் பத்தி அவளுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. ஞாயித்துக்கெழம கொழுந்தியா வந்து சமைச்சிக் குடுத்துட்டுப் போவான்னு சொல்லியிருக்கேன்."

"அதுக்கு என்னா சொன்னா?"

"உங்கிட்ட சேமிப்பு இருந்தா நீயும் சேரலாம்னாங்க. உன் நம்பரைக் கேட்டாங்க. நான் குடுக்கல."

அங்கேதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. தனியாக இருக்கிற ஆம்பளை வீட்டில் வாரா வாரம் ஒருத்தி வந்து சமைத்துப் போடுகிறாள். அவனை விரும்புகிறவள் முதலில் என்ன கேட்பாள்? அவளுக்கு என்ன வயசு, எப்படி இருப்பா, எத்தனை மணிக்குப் போவா? ஆபீஸ் டைப்பிஸ்ட் ஒருத்தி மாமாவிடம் சௌக்கியமா என்று கேட்டதற்கே ஒரு வாரம் அவருக்கு உப்பில்லாத ரசம் ஊற்றியவள் நீ. இவள் என்னடா என்றால் என் சேமிப்பை விசாரிக்கிறாள்! செத்துப்போன உன் மேல் அவளுக்கு எரியவில்லை. உயிரோடு இருக்கும் என் மேலும் எரியவில்லை. எரியாத ஆசை எந்த ஊரில் இருக்கிறது?

"மாமா, இப்பவே ஒரு மெசேஜ் போடுங்க" என்றேன். "என் கொழுந்தியாளைக் கட்டிக்கப் போறேன்னு போடுங்க."

திடுக்கிட்டுப் போனார். "என்னா பேச்சு இது?"

"பொய்யாத்தான் போடுங்க. அவ ஒரு வார்த்தை கோவப்பட்டா, ஒரு வார்த்தை ஏன்னு கேட்டா, நான் வாயை மூடிக்கறேன். நாளைக்கு நானே வந்து சாட்சிக் கையெழுத்தும் போடறேன்."

கோபத்தில்தான் டைப் அடித்தார், என்னைத் தோற்கடிக்கிற கோபம். அனுப்பிவிட்டுச் செல்லை மேஜை நடுவில் வைத்தார். ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எரிந்துவிடக் கூடாதே என்று நான், எரியணுமே என்று அவர். அவர் முகத்தைப் பார்த்தபோது, எரிந்துதான் தொலையட்டுமே என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

பதில் வந்தது. "வாழ்த்துகள் அன்பே, மிக்க மகிழ்ச்சி! நாளை மாலைக்குள் வரி செலுத்தவில்லை என்றால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். உங்கள் வருங்கால மனைவியும் சேரலாம், புதிய உறுப்பினருக்குச் சலுகை உண்டு." கடைசியில் ஒரு சிவப்பு இதயம்.

மாமா திரும்பத் திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலியே செல்வி" என்றார். ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வரணும் இல்லையா? எனக்கு வரவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவளைத் திட்டி ஒரு மெசேஜ் போடணும் என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், யாழினிக்குத் தெரிய வேண்டாம் என்றார். ஒன்றையும் அழிக்கக் கூடாது மாமா, இனிமேல் ஒரு பைசாவும் அனுப்பக் கூடாது என்று சொல்லி, பேச்சு, கணக்கு நம்பர், அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து என் செல்லுக்கும் அனுப்பிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பதிவு செய்தோம். திங்கட்கிழமை பைனான்ஸ்காரனிடம் போக வேண்டிய கால்கள் முதலில் பேங்குக்கும், பிறகு சைபர் கிரைம் போலீசுக்கும் போயின.

அங்கே ஒரு பொம்பளை எஸ்.ஐ., சின்னப் பொண்ணு. மாமா தலையைத் தூக்கவே இல்லை. "வெக்கப்படாதீங்க சார். டாக்டர் வர்றாரு, வக்கீல் வர்றாரு. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல உக்காந்துடறவங்களுக்குத்தான் எதுவுமே திரும்பறதில்ல" என்றாள். மீரா என்று ஒருத்தியே இருக்க மாட்டாள், எங்கேயோ ஒரு அறையில் ஆளுக்கு ஒரு வேளையாக உட்கார்ந்து எழுதுவார்கள், அவர்களிலேயே பல பேரை அடைத்து வைத்துத்தான் வேலை வாங்குகிறார்கள் என்றும் சொன்னாள். இத்தனை நாளாக நான் வயிறெரிந்தது மீசை வைத்த யாரோ ஒருத்தனைப் பார்த்தா? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் போட்ட பணம் பெரும்பாலும் போனதுதான் அக்கா, உன்னிடம் மறைக்க மாட்டேன். கடைசியாக அனுப்பியது மட்டும் அவர்கள் எடுக்கும் முன்னால் ஒரு கணக்கில் முடக்கி வைத்திருக்கிறார்கள், கேஸ் நடக்கிறது. வீடு தப்பித்தது. பத்திரம் பீரோவில் இருக்கிறது, சாவி இப்போதைக்கு என்னிடம். யாழினி பெங்களூரிலிருந்து ஓடி வந்து, அப்பாவை ஒரு வார்த்தை திட்டாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உன் பொண்ணு உன்னை மாதிரி இல்லை, பொறுமைசாலி.

கொஞ்ச நாள் கழித்து இன்னொருத்தன் கூப்பிட்டான். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் பீஸ் கட்டுங்கள் என்றான். ஏமாந்தவர்களையே தேடி வரும் அடுத்த கும்பல். மாமா, "எதுவா இருந்தாலும் எங்க கொழுந்தியா கிட்ட பேசுப்பா" என்று செல்லை என்னிடம் நீட்டினார். நான் பேசிய பேச்சு உனக்குக் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாய். அன்றைக்குத்தான் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்திவிட்டார். "காலையில எழுந்ததும் சாப்பிட்டீங்களான்னு கேப்பா செல்வி. பொய்யின்னு தெரியுது. ஆனா கேப்பா." கண்ணில் தண்ணீர். அய்யோ, அந்த நிமிஷம் எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா! உன்னிடம் தோற்றால் நியாயம், அவருக்குத் தாலிக்காரி நீ. உலகத்திலேயே இல்லாத ஒருத்தியிடமும் நான் தோற்கணுமா?

அப்புறம் யோசித்தேன். அவள் கேட்டாள். நான் கேட்கவில்லையே. குழம்பு எப்படி என்று கேட்டேன், நீங்க எப்படி என்று ஒரு நாளாவது கேட்டேனா? உறவுக்காரர்கள் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று சோற்றை மூடி வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அந்த வயசு ஆம்பளைக்கு ஒருத்தர் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கும்பலுக்குத் தோன்றியிருக்கிறது.

"மாமா, நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம்தான். எனக்குப் பொறாமைதான். அது எதனாலன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

மாமா மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அப்புறம் எழுந்து கை கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன்" என்றார். என்றைக்கும் வராத மனுஷன். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தட்டி, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். சிதம்பரம் வரைக்கும் என் முகம் எப்படி இருந்தது என்று நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன் அக்கா, இனிமேல் அவர் செல்லுக்குக் காலையில் முதலில் வருவது என் போனாகத்தான் இருக்கும். யாழினியிடம் நானே பேசுவேன். அவரிடமும் நானே வாய் திறந்து கேட்பேன், சேத்தியாத்தோப்பு சித்தியை நடுவில் விட மாட்டேன். அவர் வேண்டாம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை போவேன். உன் வீட்டை ஒருத்தன் தொட விடமாட்டேன், இது சத்தியம். உன் இடத்தில் உட்கார மாட்டேன், எனக்கு ஒரு நாற்காலி நான் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

உனக்கு எரியும். எரியணும். கனவுல வந்து ரெண்டு போடு போடு, வாங்கிக்கறேன். ஆனா எரியாம, சிரிச்ச முகமா 'வாழ்த்துகள்'னு மட்டும் சொல்லிடாத. சொன்னியோ, நீயும் அந்த மீராவும் ஒண்ணுதான்னு நெனச்சுக்குவேன்.

உன் வீட்டுக்குக் காவலாக, உனக்குப் போட்டியாக,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி, சிதம்பரம்